மெழுகு இரவில் உறையுமா?

மார்கழி மாதத்துக் காலையில் தேங்காய் எண்ணெய்ச் சீசாவைக் கவிழ்த்தால் ஒரு சொட்டும் விழாது. சற்று நேரம் வெயிலில் வைத்த பிறகே தலைக்குத் தேய்த்துக்கொள்ள முடியும். அதே எண்ணெய் சித்திரையில் இரவும் பகலும் திரவமாகவே நிற்கும். இந்தச் சிறு அனுபவம் உங்கள் எல்லோருக்கும் உண்டு. நாம் இங்கே ஆராயப்போகும் ஒரு புதிய ஏற்பாட்டின் பலமும் பலவீனமும் அந்தச் சீசாவுக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன.

ஏற்பாடு இதுதான். சோலார் பேனல் என்று நாம் சொல்லும் சூரிய மின்பலகையின் முதுகில், மெழுகு போன்ற ஒரு பொருளை ஒரு தட்டையான பெட்டியில் அடைத்துப் பொருத்துகிறார்கள். பகலில் பலகை சூடேறும்போது மெழுகு உருகி அந்தச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. பலகை அதிகம் சூடேறாமல் இருந்து, கூடுதல் மின்சாரம் தருகிறது. இரவில் மெழுகு மீண்டும் உறைந்து மறுநாள் வேலைக்குத் தயாராகிறது. இவ்வாறு உருகியும் உறைந்தும் வெப்பத்தை வாங்கிக் கொடுக்கும் பொருள்களுக்கு நிலைமாற்றப் பொருள்கள் என்று பெயர்.

ஆய்விதழ்களில் இதைப்பற்றிய கட்டுரைகள் ஏராளம். பொறியியல் மாணவர்களின் திட்டப்பணிகளிலும் இது விருப்பமான தலைப்பு. திருப்பூர் வட்டாரத்துப் பனியன் கம்பெனிகளின் கூரைகளில் மின்பலகைகள் ஏறிவரும் இந்நாளில், இதை நம் கூரைக்கும் கொண்டுவரலாமா என்ற கேள்வி எழுவது இயல்பே. கடன் வாங்கித் தொழில் நடத்தும் சிறு உற்பத்தியாளருக்கு இது விளையாட்டான கேள்வி அல்ல. பொன்னை உரைத்துப் பார்த்து வாங்குவதுபோல இந்த யோசனையையும் உரைத்துப் பார்ப்போம்.

சூடு ஏன் பகை?

வெயில் கடுமையாக இருந்தால் மின்சாரமும் மிகுதியாகக் கிடைக்கும் என்று பலர் எண்ணுகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. மின்பலகைக்கு வேண்டியது ஒளி. அந்த ஒளியோடு கூடவே வரும் சூடு அதற்குப் பகை. சிலிக்கான் சூடேறும்போது மின்கலத்தின் மின்னழுத்தம் இறங்குகிறது. மின்னோட்டம் மிகச் சிறிதளவு கூடினாலும் அந்த இழப்பை அது ஈடுகட்டுவதில்லை. பெரும்பாலான சிலிக்கான் பலகைகளில் ஒவ்வொரு டிகிரி செல்சியஸ் ஏற்றத்துக்கும் திறன் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை குறைகிறது.

பலகையின் முதுகில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துப் பாருங்கள். அதிலுள்ள வாட் கணக்கு, மின்கலம் 25 டிகிரியில் இருக்க, ஒரு சதுர மீட்டரில் 1000 வாட் ஒளி விழும் நிலையில் அளந்தது. சித்திரை மாத நண்பகலில் திருப்பூர்க் கூரையின்மீது காற்றின் வெப்பநிலை 37 டிகிரி என்று கொள்வோம். காற்று அதிகம் வீசாதபோது மின்கலம் அதைவிட ஏறத்தாழ 30 டிகிரி மிகுதியாக, 67 டிகிரியில் கொதிக்கும். சீட்டில் உள்ள 25 டிகிரிக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு 42 டிகிரி. டிகிரிக்கு 0.4 சதவீதம் என்றால் இழப்பு சுமார் 17 சதவீதம். சதுர மீட்டருக்கு 200 வாட் தரவேண்டிய பலகை 166 வாட்தான் தரும். மீதி 34 வாட் சூட்டுக்குப் பலி.

ஆகவே குறை உண்மையானது. அதைத் தீர்க்க விரும்புவதும் நியாயமானது. இனி மருந்தைப் பார்ப்போம்.

உருகும்போது ஒளியும் வெப்பம்

0 டிகிரியில் உள்ள ஒரு கிலோ பனிக்கட்டி உருக 334 கிலோஜூல் வெப்பம் வேண்டும். உருகி முடியும்வரை அதன் வெப்பநிலை ஏறுவதில்லை. அந்த அளவு வெப்பத்தைக் கொண்டு, அதே ஒரு கிலோ நீரை 0 டிகிரியிலிருந்து 80 டிகிரிவரை சூடாக்கிவிடலாம். வெப்பமானிக்குத் தெரியாமல் ஒளிந்துகொள்வதால் இதனை உள்ளுறை வெப்பம் என்கிறோம். மீன்காரர் பெட்டியில் பனிக்கட்டியை நிரப்பிக் கொண்டுவருவது இதனால்தான்.

பாரபின் மெழுகின் உள்ளுறை வெப்பம் கிலோவுக்கு ஏறக்குறைய 200 கிலோஜூல். அதன் உருகுநிலையை நாமே தேர்ந்துகொள்ளலாம் என்பது அதன் சிறப்பு. மூலக்கூறில் 18 கரி அணுக்கள் இருந்தால் 28 டிகிரியிலும், 20 இருந்தால் சுமார் 37 டிகிரியிலும், 22 இருந்தால் சுமார் 44 டிகிரியிலும் உருகும்.

எவ்வளவு மெழுகு வேண்டும்? நீங்களே கணக்கிடலாம். ஒரு சதுர மீட்டர் பலகையில் விழும் 1000 வாட் ஒளியில், பிரதிபலித்ததும் மின்சாரமானதும் போக 700 வாட்டுக்குமேல் சூடாகிறது. அதில் 300 வாட்டை மட்டும் மெழுகு வாங்கிக்கொள்ளட்டும். வெயில் உச்சத்தில் இருக்கும் 4 மணி நேரம் என்பது 14,400 வினாடி. பெருக்கினால் 43 லட்சம் ஜூல் வருகிறது. கிலோவுக்கு 2 லட்சம் ஜூல் வீதம் வகுத்தால் ஏறத்தாழ 22 கிலோ மெழுகு. பரப்பி வைத்தால் இரண்டரை சென்டிமீட்டர் கனம். இந்த 22 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சதவீதம் என்னும் மயக்கம்

இத்தகைய ஆய்வுகளைப் படிக்கும்போது முதலில் கவனிக்க வேண்டியது சதவீதக் கணக்கு. வெயிலில் 17 சதவீதத் திறனோடு வேலை செய்யும் பலகை, மெழுகின் உதவியால் 18 சதவீதத்துக்கு ஏறியது என்று வையுங்கள். ஒருவர் இதனை "ஒரு சதவீதம் உயர்ந்தது" என்பார். மற்றொருவர் 17இல் 1 என்பது ஏறத்தாழ 6 சதவீதம் என்று கணக்கிட்டு "ஆறு சதவீதம் உயர்ந்தது" என்பார். இருவரும் பொய் சொல்லவில்லை. ஆனால் எதைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று நாம் கேட்காவிட்டால் ஏமாறுவது நாம்தான்.

அடுத்தது நேரம். மெழுகு உருகிக்கொண்டிருக்கும் ஒரு நிமிடத்தில் கிடைத்த மிகப்பெரிய லாபத்தைத் தலைப்பில் போடுவது எளிது. நாள் முழுவதற்கும், ஆண்டு முழுவதற்கும் எவ்வளவு என்பதே உற்பத்தியாளருக்கு வேண்டிய விடை.

மூன்றாவது, ஒப்பிட்ட பலகை எது என்பது. முதுகை மூடி வைத்த பலகையோடு ஒப்பிட்டால் எந்த ஏற்பாடும் சிறந்ததாகத் தோன்றும். முதுகில் காற்று நன்றாகப் புழங்கும் பலகையோடு ஒப்பிட்டார்களா என்று தேடிப் பாருங்கள்.

நான்காவது கேள்வி இரண்டாம் நாளைப் பற்றியது. ஆய்வுக்கூடத்தில் விளக்கொளியின்கீழ், முழுதும் உறைந்த மெழுகோடு தொடங்கி ஒருமுறை உருக்கி முடித்தால் முடிவு அழகாகவே வரும். மறுநாள் காலையிலும் மெழுகு அவ்வாறே உறைந்திருந்ததா? இந்தக் கேள்வியில்தான் நம் எண்ணெய்ச் சீசா உதவிக்கு வருகிறது.

இரவின் பங்கு

சித்திரையில் தேங்காய் எண்ணெய் உறைவதில்லை. அதன் உருகுநிலை சுமார் 24 டிகிரி. இரவுக் காற்று அதற்குக் கீழே இறங்காவிட்டால் அது எப்படி உறையும்? உறையாத பொருள் மறுநாள் எதை உருக்கும்? மெழுகு பகலில் வாங்கிய 43 லட்சம் ஜூலும் அதற்கு இரவு கொடுத்த கடன். விடிவதற்குள் அதைத் திருப்பிச் செலுத்தியாக வேண்டும்.

கோடை இரவில் கூரையின்மேல் காற்று 27 டிகிரியில் நிற்கிறது என்று வையுங்கள். 28 டிகிரியில் உருகும் மெழுகுக்குக் கிடைப்பது ஒரே ஒரு டிகிரி வேறுபாடு. அத்தனை வெப்பமும் அந்தச் சிறு சந்து வழியாக வெளியேற இரவு போதாது. 44 டிகிரியில் உருகும் மெழுகானால் 17 டிகிரி வேறுபாடு இருக்கிறது. எளிதாக உறையும். ஆனால் அது பலகையை 44 டிகிரிக்குக் கீழே ஒருபோதும் குளிர்விக்காது. மெழுகு வெப்பத்தை மிக மெதுவாகக் கடத்தும் பொருள் என்பதால், பலகை அதற்கும் சில டிகிரி மேலேயே நிற்கும். குளிர்ச்சி வேண்டுமானால் உறைவது கடினம். உறைய வேண்டுமானால் குளிர்ச்சி குறைவு. வெப்ப நாடுகளில் இந்த இழுபறியைத் தவிர்க்க வழியில்லை.

இது வெறும் ஏட்டுக் கணக்கல்ல. ஐக்கிய அரபு அமீரகத்தின் அல் ஐன் நகரில் அகமது ஹசனும் உடன் ஆய்வாளர்களும் 38 முதல் 43 டிகிரிவரை உருகும் பாரபினை மின்பலகையின் முதுகில் வைத்து ஆராய்ந்தார்கள். 2017இல் வெளியான அந்த ஆய்வு ஓராண்டு முழுவதையும் கணக்கில் கொண்டது பாராட்டுக்குரியது. ஆண்டு மின் உற்பத்தி 5.9 சதவீதம் கூடியது. அதேபோது, மிகக் குளிர்ந்த மாதங்களில் மெழுகு முழுவதும் உருகவில்லை என்றும், மிக வெப்பமான மாதங்களில் முழுவதும் உறையவில்லை என்றும், அதனால் அவ்விரு காலங்களிலும் பயன் குறைந்தது என்றும் அவர்கள் நேர்மையாக எழுதியிருக்கிறார்கள். எந்த மாதத்தில் உதவி அதிகம் தேவையோ அந்த மாதத்திலேயே கை தளர்கிறது.

இன்னொன்றும் உண்டு. மெழுகு முற்றிலும் உருகிவிட்ட பிறகு அது பலகையின் முதுகில் போர்த்திய கம்பளியாகிறது. காற்று படவேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்கிறது. பிற்பகலில் அந்தப் பலகை வெறும் பலகையைவிடச் சூடாகிவிடவும் கூடும்.

ஒரு சாய உப்பின் கதை

மெழுகு வேண்டாம், மலிவான உப்பைப் பயன்படுத்தலாமே என்று நீங்கள் கேட்கலாம். திருப்பூர்க்காரருக்கு அந்த உப்பு புதிதல்ல. பருத்தித் துணியில் சாயம் ஏறச் சாயப்பட்டறைகளில் சேர்க்கும் சோடியம் சல்பேட்டேதான் அது. படிகத்தில் பத்து நீர் மூலக்கூறுகளோடு சேர்ந்திருக்கும்போது அதற்குக் கிளாபர் உப்பு என்று பெயர். 32 டிகிரியில் உருகும். உள்ளுறை வெப்பம் கிலோவுக்குச் சுமார் 250 கிலோஜூல், அதாவது மெழுகையும் மிஞ்சியது. நொய்யல் மாசுபட்ட வழக்கில் 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்ட பிறகு, கழிவுநீரைத் துளியும் வெளியே விடக்கூடாது என்ற விதி இறுகியது. பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் இந்த உப்பைக் கழிவுநீரிலிருந்து மீட்டு மீண்டும் பயன்படுத்துகிறார்கள்.

இந்த உப்புக்குச் சூரிய வெப்பத்தோடு பழைய உறவு உண்டு. ஹங்கேரியில் பிறந்த மரியா டெல்கெஸ் என்ற பெண் விஞ்ஞானி, 1948இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து டோவரில் கட்டிய ஒரு வீட்டின் சுவர்களுக்கிடையே கிளாபர் உப்பை டன் கணக்கில் அடைத்து வைத்தார். பகல் வெயிலில் உருகும் உப்பு இரவில் உறைந்து வீட்டைக் கதகதப்பாக வைக்கும் என்பது திட்டம். முதல் இரண்டு குளிர்காலங்கள் நன்றாகவே நடந்தன. மூன்றாவதில் ஏற்பாடு தளர்ந்துவிட்டது. உருகும்போது நீரற்ற உப்பு அடியில் தங்கியது. நீர் மேலே நின்றது. பிரிந்தவை மீண்டும் முழுமையாகக் கூடவில்லை. கலங்களும் அரித்து ஒழுகின. யோசனை பிழையானதல்ல. ஆனால் நூற்றுக்கணக்கான முறை உருகி உறைந்த பின்னும் பொருள் அப்படியே இருக்குமா என்ற கேள்விக்கு உப்பு சரியான விடை தரவில்லை.

திருப்பூரின் கோடையிலோ அதன் நிலை இன்னும் மோசம். காலை உணவு முடிந்து ஆட்கள் தையல் எந்திரத்தில் அமரும் நேரத்திலேயே பலகை 32 டிகிரியைத் தாண்டிவிடும். நண்பகல் வருமுன் உப்பு தன் வேலையை முடித்து ஓய்ந்துவிடும்.

கூரையும் கணக்கும்

இப்போது அந்த 22 கிலோவுக்கு வருவோம். 100 கிலோவாட் திறனுள்ள ஒரு சிறு ஆலைக் கூரைக்கு ஏறத்தாழ 500 சதுர மீட்டர் பலகை வேண்டும். அதற்கு மெழுகு 11,000 கிலோ, அதாவது 11 டன். மின்பலகையின் எடையே சதுர மீட்டருக்கு 11 அல்லது 12 கிலோதான். கூரைமேல் சுமை மும்மடங்கு ஆகிறது. மெழுகை அடைக்கும் அலுமினியப் பெட்டியும், வெப்பம் உள்ளே பரவ அதற்குள் வைக்கும் தகடுகளும் தனி. நம் பனியன் கம்பெனிகள் பலவற்றின் கூரை சிமெண்டு அட்டை அல்லது தகரம். அது இந்தப் பாரத்தைத் தாங்குமா?

பாரத்தைவிடப் பெரிய கவலை நெருப்பு. பாரபின் எரியும் பொருள். மெழுகுவத்தியே சாட்சி. கீழே நூலும் துணியும் பஞ்சுத் தூசும் நிறைந்த கட்டடம். அங்கே நூறு பேர் தைத்துக்கொண்டிருக்கிறார்கள். மேலே 11 டன் மெழுகு, அதன் பக்கத்தில் மின்கம்பிகள். ஆய்வுக்கூட மேசையில் எழாத இந்தக் கேள்வியைத் திருப்பூர் மனிதர் கேட்டே ஆகவேண்டும்.

பணக் கணக்கையும் போடுவோம். 100 கிலோவாட் பலகைகள் நாளொன்றுக்குக் கிலோவாட்டுக்கு 4 யூனிட் வீதம் ஆண்டில் 1,46,000 யூனிட் தரும் என்று கொள்வோம். அல் ஐன் லாபமான 5.9 சதவீதம் அப்படியே இங்கும் கிடைத்தால் 8,600 யூனிட். யூனிட் 8 ரூபாய் என்றால் ஆண்டுக்குச் சுமார் 69,000 ரூபாய். மெழுகு கிலோ 100 ரூபாய் என்று வைத்தாலும் முதலீடு 11 லட்சம். பெட்டி, கூலி எதையும் சேர்க்காமலே முதல் திரும்ப 16 ஆண்டுகள்.

இதே 8,600 யூனிட்டை வேறு வழியில் பெற முடியாதா? இன்னும் 6 கிலோவாட் பலகை வாங்கி மாட்டினால் ஆண்டுக்கு 8,760 யூனிட் கிடைக்கும். கிலோவாட்டுக்கு 50,000 ரூபாய் என்று கொண்டால் செலவு 3 லட்சம். இடம் 30 சதுர மீட்டர். எடை 400 கிலோவுக்குள். விலைகள் ஏறலாம், இறங்கலாம். உங்கள் ஊர் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். ஆனால் மெழுகுக்கு உண்மையான போட்டி எது என்பது தெளிவாகிவிட்டது. கூடுதலாக ஒரு வரிசைப் பலகையே அதன் எதிராளி. மின்பலகையின் விலை உயர்வாக இருந்த காலத்தில் ஒவ்வொரு வாட்டையும் பிழிந்தெடுப்பது லாபமாக இருந்திருக்கலாம். விலை வெகுவாக இறங்கிய பிறகு அந்த நியாயம் மெலிந்துவிட்டது.

காற்று தரும் உதவி

அப்படியானால் சூட்டைக் கண்டு சும்மா இருப்பதா? வேண்டியதில்லை. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பல்லடம், உடுமலைப் பக்கமாகப் பாய்ந்து வருவது நமக்குத் தெரியும். அங்கு நிற்கும் காற்றாலைகளே அதற்கு அத்தாட்சி. அந்தக் காற்று மின்பலகையின் முதுகைத் தடவிச் செல்ல இடம் விட்டால் அது கூலி கேட்காமல் குளிர்விக்கும். கூரைத் தகட்டோடு ஒட்டிப் பலகையை மாட்டாமல் ஒரு சாண் உயர்த்தி மாட்டினால் போதும். பங்குனி, சித்திரையில் காற்று தளரும் என்பது உண்மையே. அப்போதும் அந்த இடைவெளியில் சூடான காற்று மேலெழுந்து வெளியேறும்.

தண்ணீர் தெளித்துக் குளிர்விக்கலாம் என்பாரும் உண்டு. திருப்பூரின் பல இடங்களில் ஆழ்குழாய் நீர் உப்பு மிகுந்தது. அது கண்ணாடிமேல் காய்ந்தால் வெள்ளைப் படலம் தங்கி ஒளியையே மறைத்துவிடும். நல்ல நீரால் அவ்வப்போது தூசியைக் கழுவுவதே போதுமானது.

சாயப்பட்டறைக்காரருக்கு வேறொரு யோசனை சொல்லலாம். சாயமேற்றச் சுமார் 60 டிகிரி வெந்நீர் வேண்டும். பலகையின் முதுகில் நீர்க்குழாய்களை ஓடவிட்டு, அந்த வெப்பத்தில் கொதிகலனுக்குப் போகும் நீரை முன்னதாகச் சூடாக்கலாம். மெழுகு வாங்கிப் பின் இரவில் வீணே விடும் 300 வாட், இங்கே சரக்காகிறது. இந்த யோசனையையும் அதே உரைகல்லில் தேய்த்துப் பாருங்கள். குழாய் ஒழுகுமா? கூரை தாங்குமா? பட்டறையிலிருந்து வெளியேறும் சுடுகழிவுநீரின் வெப்பத்தை முதலில் மீட்பது இதைவிட மலிவல்லவா? நமக்குப் பிடித்த யோசனைக்குச் சலுகை காட்டுவது அறிவியல் ஆகாது.

நிலைமாற்றப் பொருளை இழிவாகப் பேசுவது நம் நோக்கமன்று. தடுப்பூசிகளை வைக்கும் சில சூரியசக்திக் குளிர்பெட்டிகள், பகலில் நீரைப் பனிக்கட்டியாக்கி வைத்துக்கொண்டு, மின்கல அடுக்கு இல்லாமலே இரவெல்லாம் மருந்தைக் காக்கின்றன. அங்கே ஒரு குறிப்பிட்ட வெப்பநிலையைக் காப்பதுதான் வேலை. சில டிகிரி தவறினால் மருந்து கெடும். அந்த வேலைக்கு அது பொருத்தமான கருவி. இடமறிந்து வைத்தால்தான் பொருளுக்கு மதிப்பு.

நீங்களே செய்து பாருங்கள்

மாணவர்களே, இதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஒரே அளவுள்ள இரண்டு தகரத் துண்டுகளுக்குக் கறுப்பு வண்ணம் பூசுங்கள். ஒன்றை மாடித் தளத்தில் படுக்க வையுங்கள். மற்றொன்றைச் செங்கற்களின்மேல் ஒரு சாண் உயரத்தில் வையுங்கள். இரண்டின் அடிப்புறத்திலும் வெப்பமானியைச் சேர்த்துக் கட்டிப் பகல் ஒரு மணிக்கு அளவு குறியுங்கள். பத்து நாள் குறித்தால் காற்றின் மதிப்பு எண்ணிக்கையாகத் தெரியும். அதே மாடியில் ஒரு சிறு சீசாவில் தேங்காய் எண்ணெய் வைத்து, விடியற்காலையில் உறைந்திருந்ததா என்று மாதந்தோறும் எழுதி வாருங்கள். எந்த உருகுநிலை உங்கள் ஊர் இரவுக்குப் பொருந்தும் என்பதற்கு அந்தக் குறிப்பேடே முதல் சான்று.

அடுத்தமுறை ஒரு புதிய குளிர்விப்பு முறை உங்கள் முன் வரும்போது, எத்தனை டிகிரி குறைந்தது என்பதோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஆண்டுக்கு எத்தனை யூனிட், கூரைக்கு எத்தனை கிலோ, கையிலிருந்து எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். பகலில் உருகியதைக் காட்டுபவரிடம், இரவில் உறைந்ததா என்றும் கேளுங்கள்.